பிள்ளையை ரோலர் கோஸ்டரில் ஏற்றும் முன்: முதன்முறை செல்லும் பெற்றோருக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து பள்ளி விடுமுறையில் பேருந்து எடுத்துக்கொண்டு கேளிக்கைப் பூங்காவுக்குப் போவது இப்போது வழக்கமாகிவிட்டது. எங்கள் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இந்தப் பயணங்களுக்குப் பெயர்ப் பட்டியல் எழுதும் வேலை சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. பணம் வசூலிப்பதும் நாசி லெமாக் சாப்பாட்டுக்குச் சொல்லி வைப்பதும் எளிது. "பிள்ளைய அந்த ரோலர் கோஸ்டர்ல ஏத்தலாமா, அண்ணே?" என்று ஒரு தாய் கேட்கும்போது பதில் சொல்வதுதான் எளிதாக இருப்பதில்லை. ஏனென்றால் அந்தக் கேள்விக்கான பதிலில் பாதி பூங்காவிடம் இருக்கிறது; மறுபாதி அந்தப் பிள்ளையின் உயரத்திலும் இடுப்பளவிலும் சொன்ன பேச்சைக் கேட்கும் குணத்திலும் இருக்கிறது. பூங்காவின் பாதியை நாம் நன்றாகத் தேர்ந்தெடுக்க மட்டுமே முடியும். நம்முடைய பாதியை வீட்டிலிருந்தே தொடங்கலாம்.

முதல் படி: வீட்டுக் கதவு நிலையில் அளந்துகொள்ளுங்கள்

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே பிள்ளையைச் சப்பாத்து இல்லாமல் கதவு நிலையில் நிற்க வைத்து, தலைமேல் தடித்த புத்தகம் ஒன்றைப் படுக்கையாக வைத்து, அதன் அடிப்பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு, அளவு நாடாவால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். காலையில் எழுந்தவுடன் அளந்தால் மாலையைவிடச் சுமார் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாகத் தெரியும் என்பதால், பிற்பகலில் அளப்பதே நம்பகமானது. பிறகு செல்லவிருக்கும் பூங்காவின் விதிகளைத் தேடிப் பார்த்து, எந்த விளையாட்டுக்கு எந்த உயரம் வேண்டும் என்று அதன் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். குடும்பமாக ஏறும் சிறிய கோஸ்டர்களில் பொதுவாக 90 அல்லது 100 சென்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளை பெரியவர் துணையோடு ஏறலாம். 120-ஐ எட்டினால் தனியாக ஏறலாம். பெரிய கோஸ்டர்கள் 120 முதல் 140 வரை கேட்கும். இது பூங்காவுக்குப் பூங்கா, ஏன், ஒரே பூங்காவில் வண்டிக்கு வண்டி மாறும். ஆகவே ஓர் இடத்தில் ஏறிய பிள்ளை இன்னோர் இடத்திலும் ஏறலாம் என்று முடிவு கட்ட வேண்டாம்.

இதை வீட்டிலேயே செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு பயணத்தில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு பூங்காவின் வாசலில், நம் ஊர்த் தந்தை ஒருவர் மகனின் சப்பாத்துக்குள் பழைய பேப்பரை மடித்து வைத்து உயரக் கோலைத் தாண்ட வைத்தார். ஊழியர் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். 118 என்று வந்தது. "ரெண்டு சென்டிதானே, விட்டுக் கொடுங்களேன்" என்று கால் மணி நேரம் வாதம் நடந்தது. பையன் அழுதான், வரிசை முழுவதும் வேடிக்கை பார்த்தது. அன்று அந்த ஊழியர் பிடிவாதமாக நின்றது சரி என்பதுதான் என் எண்ணம்; அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

உயரக் கோல் உண்மையில் எதை அளக்கிறது

ரோலர் கோஸ்டர் வண்டியில் எஞ்சின் கிடையாது. பெரும்பாலானவற்றில் ஒரு சங்கிலி வண்டியை முதல் மேட்டின் உச்சிவரை இழுத்துச் செல்லும். அதன் பிறகு வண்டி தன் எடையாலேயே ஓடுகிறது. ஏறும்போது "டக், டக், டக்" என்று கேட்கும் ஓசையில் பிள்ளைகள் மிரண்டு போவதுண்டு. வண்டி பின்னோக்கிச் சரியாதபடி கொக்கிகள் ஒவ்வொரு பல்லாகப் பிடித்துக்கொண்டு வரும் ஓசைதான் அது என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால், அதே ஓசை பிள்ளைக்குத் தைரியம் தரும். சக்கரங்களும் நாம் நினைப்பது போல் தண்டவாளத்தின் மேல் மட்டும் உட்கார்ந்திருப்பவை அல்ல. மேலே ஒரு வரிசை, பக்கவாட்டில் ஒரு வரிசை, தண்டவாளத்துக்கு அடியில் ஒரு வரிசை என மூன்று பக்கமும் பிடித்திருக்கும். அடிச்சக்கர அமைப்புக்கு ஜான் மில்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1919-இல் காப்புரிமை பெற்றார். வண்டி தடத்தை விட்டுப் பறந்துவிடாதா என்ற அச்சத்துக்கு அதுவே விடை.

வண்டியைத் தண்டவாளத்தோடு பிடித்து வைப்பது எளிதாகிவிட்டது. மனிதரை இருக்கையோடு பிடித்து வைப்பதுதான் இன்னும் நுட்பமான வேலை. மேட்டின் உச்சியைத் தாண்டி வண்டி சட்டென்று கீழே இறங்கும்போது, உடல் வந்த வேகத்தில் மேல்நோக்கியே போகப் பார்க்கும். அந்த நேரத்தில் நம்மை இருக்கையில் வைத்திருப்பது தொடைக்கு மேலே படிந்திருக்கும் தடுப்புக் கம்பிதான். அது இடுப்பெலும்பின் மடிப்பில் சரியாகப் படிய வேண்டும். முதுகு பின்பலகையில் சாய்ந்திருக்க வேண்டும். கைப்பிடி கைக்கு எட்ட வேண்டும். கால் ஓரளவேனும் தளத்தில் ஊன்ற வேண்டும். தோள்மேல் இறங்கும் தடுப்பாக இருந்தால் அது கழுத்தை அறுக்காமல் தோளில் அமர வேண்டும். இத்தனையும் எந்த உடலளவுக்குப் பொருந்தும் என்று வண்டியைச் செய்த நிறுவனம் கணக்கிட்டுத் தருவதன் சுருக்கமே அந்த உயரக் கோடு. பிள்ளைகளின் தலை உடலோடு ஒப்பிடுகையில் பெரியது, கழுத்துத் தசை வலுக் குறைந்தது என்பதும் அந்தக் கணக்கில் அடங்கும். பேப்பர் மடிப்பு உயரத்தைக் கூட்டலாம், இடுப்பைக் கூட்டாது.

கோடு சிறிய பிள்ளைகளுக்கு மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். 2022 மார்ச்சில் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில், கோபுரத்திலிருந்து இருக்கைகள் செங்குத்தாக விழும் விளையாட்டு ஒன்றில் 14 வயதுச் சிறுவன் விழுந்து இறந்தான். அவன் அந்த விளையாட்டுக்கான எடை வரம்பை மீறிய உடல்வாகு கொண்டவன். தடுப்பு முழுமையாக இறங்காத நிலையிலும் வண்டி கிளம்பும்படி அவனுடைய இருக்கையின் உணரி (சென்சார்) மாற்றி வைக்கப்பட்டிருந்தது. வயதுக்கு மீறிய வளர்த்தியுள்ள பிள்ளை வீட்டில் இருந்தால், உயரத்தோடு எடை வரம்பையும் படித்துப் பாருங்கள்.

இரண்டாம் படி: உட்காரும் பழக்கத்தைச் சோதியுங்கள்

என்னுடைய சோதனை மிக எளியது. பேருந்திலோ காரிலோ அரை மணி நேரம் எழுந்து நிற்காமல், "உட்கார்" என்றால் உட்கார்ந்திருக்க முடியாத பிள்ளை, உயரம் போதுமென்றாலும் இந்த ஆண்டு கோஸ்டருக்குத் தயாரில்லை. இதில் கண்டிப்புக்கு இடமில்லை, வயது வர வேண்டும், அவ்வளவுதான். மற்ற பிள்ளைகளை வீட்டு நாற்காலியில் உட்கார வைத்துப் பழக்குங்கள்: முதுகும் பின்தலையும் சாய்ந்திருக்க வேண்டும், இரண்டு கைகளும் கைப்பிடியில் இருக்க வேண்டும், கால்கள் உள்ளே இருக்க வேண்டும், முகம் நேரே பார்க்க வேண்டும். விளம்பரப் படங்களில் எல்லோரும் கையை மேலே தூக்கியிருப்பார்கள். அது பிள்ளைகளுக்கு இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வண்டி நடுவழியில் நின்றால் என்ன செய்வது என்பதையும் அன்றே சொல்லிக் கொடுங்கள். பாதை பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பகுதியில் ஒரு வண்டிதான் இருக்கலாம் என்று கட்டுப்படுத்தப்படுவதால், முன்னால் உள்ள வண்டி தாமதித்தால் பின்னால் வருவது தானாக நிறுத்தப்படும். நிற்பது பெரும்பாலும் பாதுகாப்பு ஏற்பாடு வேலை செய்கிறது என்பதன் அடையாளம். கம்பிக்குள்ளிருந்து நெளிந்து வெளியே வரப் பார்க்காமல், ஊழியர் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1990 முதல் 2010 வரை கேளிக்கை விளையாட்டுகளில் காயமடைந்து மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு வந்த பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு ஒன்று, பூங்கா, நடமாடும் கேளிக்கைச் சந்தை, கடைத்தொகுதியில் காசு போட்டு ஆடும் குதிரை என எல்லாவற்றையும் சேர்த்து, ஏறத்தாழ 93,000 பேரைக் கணக்கிட்டது. காயங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கீழே விழுந்ததால் ஏற்பட்டவை. அதிகம் அடிபட்ட இடம் தலையும் கழுத்தும். ஏறும்போது, இறங்கும்போது, ஆடும்போது பிள்ளை எப்படி உட்காருகிறது, எதைப் பிடித்துக்கொள்கிறது என்பதை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு இதுவே காரணம்.

மூன்றாம் படி: உடல்நிலை

இதயக் கோளாறு, வலிப்பு, அண்மையில் நடந்த அறுவைச் சிகிச்சை, ஆறிவரும் எலும்பு முறிவு, கழுத்து அல்லது முதுகுத்தண்டுப் பிரச்சினை ஆகியவற்றில் எதுவும் இருந்தால் கிளினிக்கில் கேட்காமல் ஏற்ற வேண்டாம். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள் சிலருக்குக் கழுத்தின் மேல் எலும்புகளின் பிணைப்பு தளர்வாக இருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஆகவே அவர்களுக்கு மருத்துவரின் சொல் கட்டாயம் வேண்டும். கெந்திங் மலைச் சாலையில் வாந்தி எடுக்கும் பிள்ளைக்குக் கொடுக்கும் மாத்திரை தூக்கத்தை வரவழைக்கலாம். தூங்கி வழியும் பிள்ளை தலையை நேராகப் பிடிக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான்காம் படி: இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது மூன்று இடங்கள். ஜொகூரில் 2012-இல் திறக்கப்பட்ட லெகோலாண்ட், 2 முதல் 12 வயதுப் பிள்ளைகளை மனத்தில் வைத்தே அமைக்கப்பட்டது. முதன்முறை ஏறுகிறவர்களுக்கு ஏற்றது, தூரம்தான் தடை. கெந்திங் மலையில் பழைய வெளிப்புறப் பூங்கா 2013-இல் மூடப்பட்டு, அதன் இடத்தில் 2022 பிப்ரவரியில் ஸ்கைவோர்ல்ட்ஸ் திறக்கப்பட்டது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே குளிர், மூடுபனி, மழை ஆகியவற்றால் வெளிப்புற விளையாட்டுகள் நிறுத்தப்படுவதுண்டு. கோலாலம்பூர் பெர்ஜாயா டைம்ஸ் ஸ்குவேரில் இருப்பது கட்டடத்துக்குள் ஓடும் கோஸ்டர். மழை அதைத் தொடாது. ஆனால் அது தலைகீழாகச் சுழலும் பெரிய வண்டி, சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கானது அன்று.

எந்த இடமானாலும், பெற்றோரால் பார்க்க முடியாத பகுதி ஒன்று உண்டு. 2007 மே 5-ஆம் நாள் ஜப்பானின் ஒசாகா அருகே எக்ஸ்போலாண்ட் பூங்காவில், சக்கர அச்சு ஒன்று உலோகச் சோர்வால் முறிந்து ஒரு பெண் இறந்தார், 19 பேர் காயமடைந்தனர். அச்சுக்குள் விரியும் கீறல் வரிசையில் நிற்கும் தாய்க்குத் தெரியாது. 2015 ஜூன் 2-ஆம் நாள் இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸில், கட்டுப்பாட்டு அமைப்பு நிறுத்தி வைத்த வண்டியை ஊழியர்கள் மீறி இயக்கியதால், ஆட்கள் இருந்த வண்டி வழியில் நின்ற காலி வண்டியில் மோதி 16 பேர் காயமடைந்தனர். எந்திரம் "நில்" என்று சொன்னது. மனிதர் "போ" என்றார். இவற்றைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இத்தகைய விபத்துகள் அரிது. ஆனால் பராமரிப்புக்கும் பயிற்சிக்கும் பணம் செலவிடும் பூங்காவைத் தேர்ந்தெடுப்பதும், "சோதனை நடக்கிறது, அரை மணி பொறுங்கள்" என்று ஊழியர் சொல்லும்போது முணுமுணுக்காமல் பொறுப்பதும் நம் கையில் இருக்கின்றன. காலையில் காலி வண்டிகளை ஓடவிட்டுப் பார்ப்பதும், பழுது பார்த்தபின் மீண்டும் ஓட்டிச் சோதிப்பதும் நல்ல பூங்காவின் வழக்கம்.

நம் ஊர்த் திடலுக்கு வரும் கேளிக்கைச் சந்தையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திருவிழாக் காலத்திலும் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தைப் பக்கத்திலும் லாரியில் வந்து இறங்கி, ஒரு நாளில் பூட்டப்படும் டிராகன் ரயிலும் ராட்டினமும் சிறியவை என்பதால் யாரும் கவலைப்படுவதில்லை. நான் அவற்றைத்தான் கூர்ந்து பார்ப்பேன். மழையில் ஊறிய மண்ணில் தாங்கு கால்களுக்கு அடியில் வெறும் பலகைத் துண்டுகள் சரிந்து கிடக்கின்றனவா, இணைப்பு ஆணிகளில் பூட்டுப் பின் இருக்கிறதா அல்லது கம்பியால் முறுக்கிக் கட்டியிருக்கிறார்களா, மின்கம்பி தண்ணீரில் கிடக்கிறதா, சுற்றிலும் வேலி உண்டா என்று பாருங்கள். பிறகு ஐந்து நிமிடம் ஒதுங்கி நின்று இயக்குபவரைக் கவனியுங்கள். ஒவ்வொரு தடுப்பையும் கையால் இழுத்துப் பார்க்கிறாரா, ஒரு பிள்ளையையாவது "நீ சின்னவன், வேண்டாம்" என்று திருப்பி அனுப்புகிறாரா, அல்லது கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்துகிறாரா? யாரையும் திருப்பி அனுப்பாத இடத்தில் என் பிள்ளையை நான் ஏற்ற மாட்டேன். நகராண்மைக் கழக உரிமம் எங்கே என்று கேட்பதும் மரியாதைக் குறைவான செயல் இல்லை.

ஐந்தாம் படி: அன்றைய நாள்

நம் நாட்டில் இடியும் மின்னலும் பெரும்பாலும் பிற்பகலில்தான் வருகின்றன என்பதால் வெளிப்புறக் கோஸ்டர்களைக் காலையிலேயே முடித்துக்கொள்வது நல்லது. மூன்று மணி நேரத்துக்கு மேல் பேருந்தில் வந்து இறங்கியவுடன் நேரே வரிசைக்கு ஓடாமல், தண்ணீர் குடித்து, கழிப்பறைக்குப் போய், சற்று நடந்த பிறகு ஏறட்டும். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் ஒரு மணி நேரமாவது கழியட்டும். துப்பட்டா, தொங்கும் சங்கிலி, கழன்று போகும் செருப்பு, மூக்குக்கண்ணாடி, கைப்பேசி எல்லாவற்றையும் கீழே நிற்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். நீண்ட கூந்தலைக் கொண்டையாகக் கட்ட வேண்டும். சக்கரத்தில் சிக்கும் துணியும் முடியும் கழுத்தையே இழுத்துவிடும்.

ஏறும் முன் கீழே நின்று வண்டி இரண்டு சுற்று ஓடுவதைப் பிள்ளையோடு சேர்ந்து பாருங்கள். எந்த இடத்தில் இறங்குகிறது, எத்தனை வளைவு, எவ்வளவு நேரத்தில் முடிகிறது என்று பிள்ளையையே சொல்ல விடுங்கள். பிறகும் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். "பயந்தாங்கொள்ளி" என்று கேலி செய்து ஏற்றிவிடும் மாமா ஒருவர் எல்லாப் பயணத்திலும் இருப்பார். அவரை வேறு வரிசைக்கு அனுப்பிவிடுங்கள். பயந்து நடுங்கும் பிள்ளைதான் வண்டி கிளம்பியபின் கம்பிக்கு அடியில் நழுவப் பார்க்கும்.

இப்போது, பெற்றோர் அதிகம் தவறு செய்யும் இடத்துக்கு வருகிறேன். இருவருக்கும் சேர்த்து ஒரே தடுப்புக் கம்பி உள்ள இருக்கையில், கம்பி பெரியவரின் தொடையில் முட்டியதும் நின்றுவிடும். பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் மடிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி கிடக்கும். அப்பா பக்கத்தில் இருக்கிறார் என்ற தைரியமே அங்கே ஆபத்தாகிவிடுகிறது. ஆகவே ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கம்பி உள்ள வண்டியைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் வீட்டில் மெலிந்த உடலுள்ளவர் பிள்ளையோடு உட்காரட்டும். கம்பி பூட்டியபின் உங்கள் கையை அதற்கும் பிள்ளையின் தொடைக்கும் நடுவே விட்டுப் பாருங்கள். தளர்வாக இருந்தால் வண்டி கிளம்பும் முன் கையை உயர்த்தி ஊழியரைக் கூப்பிடுங்கள். வரிசை காத்திருக்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம். நிலையத்தில் இறங்கிவிடுவதில் ஒரு வெட்கமும் இல்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வது எந்தக் கோஸ்டரிலும் கூடாது. குலுக்கும் வேகத்தில் எந்தத் தாயின் கையும் பூட்டாகாது. வட்டமாகச் சுழலும் விளையாட்டுகளில் எடை வெளிப்பக்கம் தள்ளப்படும் என்பதால், பிள்ளையை உள்பக்கமும் பெரியவரை வெளிப்பக்கமும் உட்கார வைப்பது முறை. மாற்றி உட்கார்ந்தால் பெரியவரின் முழு எடையும் பிள்ளைமேல் சாயும்.

வண்டி முழுமையாக நின்று, தடுப்பு தானாகத் திறந்த பிறகே எழ வேண்டும். ஏறாமல் கீழே இருப்பவர் நுழைவாயிலில் நிற்காமல் வெளிவாயிலில் நிற்கட்டும். தலைசுற்றலோடு வரும் பிள்ளை அங்கேதான் தடுமாறும். தொப்பி விழுந்துவிட்டது என்று வேலிக்குள் யாரும் போகக் கூடாது. 2008-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 17 வயது இளைஞன் ஒருவன் இரண்டு வேலிகளைத் தாண்டி உள்ளே போய், ஓடிவந்த கோஸ்டர் மோதி இறந்தான். ஊழியரிடம் சொன்னால் அவர்களே எடுத்துத் தருவார்கள்.

அடிபட்டால்

சிறிய சிராய்ப்பாக இருந்தாலும் பூங்காவின் முதலுதவி அறைக்குப் போய்ப் பதிவு செய்யச் சொல்லுங்கள். விளையாட்டின் பெயர், நேரம், எந்த வண்டி, எந்த இருக்கை என்பதைக் கைப்பேசியில் குறித்து, நுழைவுச்சீட்டையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதே இருக்கையில் அடுத்த பிள்ளை உட்காரும் முன் அவர்கள் சரிபார்க்க அது உதவும். கழுத்தை அசைக்க முடியாத வலி, கைகால் மரத்துப்போதல், நினைவு தவறுதல் ஆகியவற்றில் எதுவும் இருந்தால் பிள்ளையைத் தூக்கி நிறுத்தாமல் அப்படியே வைத்து 999-ஐ அழையுங்கள்.

தலையில் லேசாக இடித்துக்கொண்ட பிள்ளை அப்போது ஓடியாடிக்கொண்டுதான் இருக்கும். திரும்பும் பேருந்தில் எல்லாப் பிள்ளைகளும் தஞ்சோங் மாலிம் தாண்டும் முன்பே தூங்கிவிடுவதால், இந்தப் பிள்ளையின் தூக்கம் களைப்பினாலா, அடிபட்டதாலா என்று யாருக்கும் தெரியாமல் போகும். அதனால் அவனைப் பின்வரிசைக்கு அனுப்பாமல் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே உட்கார வைத்து, அவ்வப்போது எழுப்பிப் பெயரைக் கேட்டு, பேச்சு குழறினாலோ மீண்டும் மீண்டும் வாந்தி எடுத்தாலோ எழுப்ப முடியாமல் போனாலோ ஈப்போவரை காத்திராமல், ஓட்டுநரிடம் சொல்லி வழியில் உள்ள மருத்துவமனைக்கே வண்டியைத் திருப்புங்கள்.